டீசல்: மிச்சம் ஒருவருக்கு, புகை இன்னொருவருக்கு

விடியற்காலையில் பஃப்ளோ ரோட்டுப் பக்கம் நின்றால், கண்ணை மூடிக்கொண்டே வாகனங்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம். தேக்கா சந்தைக்குக் காய்கறி மூட்டைகளைக் கொண்டுவரும் லாரி கடகடவென்று இரைந்துகொண்டு நிற்கும். அதன் பின்னால் வழிக்காகக் காத்திருக்கும் காரின் இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியாது. லாரியில் டீசல், காரில் பெட்ரோல். இரண்டுமே கச்சா எண்ணெயிலிருந்து ஒரே ஆலையில் பிரித்தெடுக்கப்படுபவைதான். ஆனாலும் ஒன்றை அரசாங்கம் ஒரு விதமாகவும் மற்றொன்றை வேறு விதமாகவும் நடத்துகிறது.

2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் காரையோ டீசல் டாக்சியையோ பதிவுசெய்ய முடியாது. டொயோட்டா கிரவுன், ஹியுண்டாய் சொனாட்டா என்று நாம் ஏறி இறங்கிய பழைய டாக்சிகளை நினைத்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் டீசலில் ஓடியவை. ஓட்டுநர்களுக்குக் கட்டுப்படியான எண்ணெய் என்று பெயர் வாங்கிய டீசல், கார்களிலிருந்து ஏன் வெளியேற்றப்பட்டது? வரி, சட்டம் எல்லாம் பிறகு வந்தவை. காரணம் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது.

தீப்பொறியும் அழுத்தமும்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர். அவருக்கு முன்பே, 1876இல், நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் நான்கு வீச்சு இன்ஜினை உருவாக்கிவிட்டார். இன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் அதன் வழி வந்தவை. காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் இருக்கும். பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நெருக்கும். சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைப் போடும். கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும்.

டீசல் வேறு வழியில் யோசித்தார். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு அடி அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும். இன்னும் பலமாக, பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று நெருக்கினால் காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். பொறி வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம்.

1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜினைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காடு வேலையாக மாறியது. அக்கால நீராவி இன்ஜின்கள் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டுக் கிணற்றுமேட்டில் டுக் டுக் என்று ஓடி வயலுக்குத் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும், நம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களின் ராட்சத இன்ஜின்களும் இதே குடும்பம். பெரிய கப்பல் இன்ஜின்கள் இன்று ஏறத்தாழ 50 விழுக்காடு ஆற்றலை வேலையாக மாற்றுகின்றன.

எளிதில் பற்றுவது எது?

பெட்ரோல்தான் என்று உடனே சொல்வோம். அது பாதிதான் சரி. பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பெட்ரோல் நிலையத்தில் அந்த வாடை வீசுகிறது. இன்ஜினை அணைக்கச் சொல்வதும் சிகரெட்டுக்குத் தடை விதித்திருப்பதும் அதனால்தான். டீசலோ ஏறத்தாழ 55, 60 பாகைக்குச் சூடானால்தான் அப்படிப்பட்ட ஆவியை விடும். சாலையில் கொட்டினால் ஆவியாகிப் போகாமல் வழவழவென்று கிடந்து மோட்டார்சைக்கிள்காரர்களை விழவைப்பதும் இந்தக் குணத்தால்தான்.

ஆனால் பொறி இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றும் போட்டி வைத்தால் டீசல் முந்திவிடும். டீசல் சுமார் 210 பாகையிலேயே தானாக எரியத் தொடங்கும். பெட்ரோலுக்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். ஒன்று பொறிக்கு வசப்படும், மற்றது அழுத்தச் சூட்டுக்கு வசப்படும். அந்தந்த இன்ஜினுக்கு ஏற்ற குணம் அதனதன் எண்ணெயில் இருக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் நாம் பார்க்கும் 92, 95, 98 என்ற எண்களின் பொருளும் இதுவே. அது ஆக்டேன் எண். பெட்ரோல் எவ்வளவு நெருக்கினாலும் பொறி வரும்வரை எரியாமல் பொறுத்திருக்கிறதா என்பதற்கான மதிப்பெண். பொறுமை குறைந்தால் நேரத்துக்கு முன்பே ஆங்காங்கே வெடித்து இன்ஜின் தட்டும். டீசலுக்கான சீட்டேன் எண் நேர் எதிரானது. பீய்ச்சியதும் எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதை அது காட்டுகிறது.

இதிலிருந்து ஒரு செலவுக் கணக்கும் கிடைக்கிறது. 98 என்பது 95ஐவிடச் சக்தி மிகுந்த எண்ணெய் அல்ல, பொறுமை மிகுந்த எண்ணெய். உங்கள் காரின் கையேட்டில் 95 போதும் என்றிருந்தால், 98 ஊற்றுவதால் பெரும்பாலும் பணம்தான் கூடுதலாக எரியும். 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட தீர்வைப்படி 92, 95 வகைகளுக்கு லிட்டருக்கு 66 காசு, 98க்கு 79 காசு. வித்தியாசம் தீர்வையிலேயே 13 காசு. கையேடு 98 என்று கேட்டால் அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

சிக்கனமும் புகையும் ஒரே வேரில்

டாக்சிக்காரர்கள் டீசலை விரும்பியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, டீசல் அடர்த்தியானது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் என்றால் டீசலில் 36. இரண்டாவது, அதிகமாக நெருக்கி எரிக்கும் இன்ஜின் அந்த ஆற்றலில் பெரும்பங்கை வேலையாக மாற்றுகிறது. மூன்றாவது, சிங்கப்பூர் போன்ற நகரத்துக்கு மிகவும் பொருந்துவது. பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்க, உள்ளே வரும் காற்றின் வழியை அடைக்க வேண்டும். அடைத்த வழியில் மூச்சிழுக்கவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். டீசல் இன்ஜின் எப்போதும் காற்றை முழுதாக இழுத்துக்கொள்ளும், எண்ணெயின் அளவு மட்டும் கூடிக் குறையும். நெரிசலில் ஊர்ந்து, பயணிக்காகக் காத்து, நாள் முழுதும் ஓடும் டாக்சிக்கு இது பெரிய மிச்சம்.

குறைந்த சுற்றிலேயே பலத்தை வெளிப்படுத்தும் என்பதால் சுமை லாரிக்கும் பேருந்துக்கும் அதுவே தோது. கூடுதல் அழுத்தத்தைத் தாங்க இன்ஜினைக் கனமாக வார்க்கிறார்கள். பீய்ச்சிய எண்ணெய் சட்டென்று ஒன்றாகப் பற்றும்போது எழும் அதிர்வுதான் அந்தக் கடகட சத்தம்.

கேடும் அங்கிருந்துதான் வருகிறது. பெட்ரோல் இன்ஜினில் எண்ணெயும் காற்றும் முன்கூட்டியே நன்றாகக் கலந்துவிடும். டீசல் இன்ஜினில் கலப்பதற்குக் கிடைப்பது நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான். துளியைச் சுற்றிக் காற்றுப் போதாத இடத்தில் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. வெப்பமும் காற்றும் மிகுந்த இடத்தில், காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மூன்று நச்சுகளையும் ஒன்றாக முறிக்கும். ஆனால் அது வேலைசெய்ய, கழிவுப் புகையில் மிச்சக் காற்று இருக்கக்கூடாது. டீசல் புகையில் மிச்சக் காற்று எப்போதும் உண்டு. எனவே துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க யூரியாக் கரைசல் என்று தனித்தனிச் சாதனங்களை மாட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வடிகட்டிக்கும் ஒரு சிக்கல். அதில் சேரும் கரி எரிந்து சாம்பலாக 600 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். நீண்ட நெடுஞ்சாலையில் அந்தச் சூடு தானாகக் கிடைக்கும். சந்துக்குச் சந்து நின்று போகும் வண்டியில் கிடைக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வடிகட்டி விளக்கு எரிந்தால் கையேட்டைப் பார்த்து, அது சொல்லும்படி விரைவுச்சாலையில் சற்று நேரம் சீராக ஓட்டுவதே முதல் மருந்து. விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் பட்டறைச் செலவு பெரிது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. நுரையீரல் புற்றுநோய்க்கான சான்றே அதற்கு அடிப்படை. அதே ஆண்டு பெட்ரோல் புகை, சான்று குறைந்த, “உண்டாக்கக்கூடும்” என்ற பிரிவில்தான் வைக்கப்பட்டது.

வரிக் கணக்கு மாறிய கதை

நிலைமையைப் புரிந்துகொள்ளச் சிங்கப்பூர் எடுத்த சில திருப்பங்களைப் பார்க்கவேண்டும். 2013இல் கார்களுக்குக் கரியமில வாயு அடிப்படையிலான கழிவுத் திட்டம் வந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு, ஒரு லிட்டர் பெட்ரோலில் 2.3 கிலோ. ஆனால் அதே தூரத்துக்கு டீசல் குறைவாகவே செலவாகிறது. எனவே கிலோமீட்டர் கணக்கில் டீசல் கார் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது, கழிவும் பெற்றது. கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தத் தராசில் ஏறவே இல்லை.

2015 செப்டம்பரில், சோதனைக்கூடத்தில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் மென்பொருளை வோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அமெரிக்காவில் அம்பலமானது. உலகம் முழுதும் சுமார் 1.1 கோடி வாகனங்கள். டீசலைத் தூய்மையாக்குவது எவ்வளவு செலவும் சிரமமும் பிடித்தது என்பதை அந்த மோசடியே காட்டியது.

2018 ஜனவரியில் சிங்கப்பூர் தராசை மாற்றியது. புதிய வாகனக் கழிவுப்புகைத் திட்டம் கரியமில வாயுவோடு நைட்ரஜன் ஆக்சைடு, துகள்கள் உள்ளிட்ட ஐந்து மாசுகளை அளக்கிறது. ஐந்தில் எது மோசமோ அதுவே காரின் தரத்தைத் தீர்மானிக்கும். ஒரு பாடத்தில் நூறு வாங்கி இன்னொன்றில் தவறினால் தவறியதுதான் என்பதுபோல.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரி 20 அன்று, வரவுசெலவுத் திட்டத்தில் டீசலுக்கு லிட்டருக்கு 10 காசு தீர்வை அறிவிக்கப்பட்டு அன்றே நடப்புக்கு வந்தது. அதுவரை டீசல் காருக்கும் டாக்சிக்கும் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை சிறப்பு வரியாக இருந்தது. குறைவாக ஓட்டினாலும் அதே வரி, இரவுபகலாக ஓட்டினாலும் அதே வரி. புகைக்கும் வரிக்கும் தொடர்பே இல்லை. தீர்வை வந்ததும், டாக்சியின் சிறப்பு வரி ஆண்டுக்கு 850 வெள்ளி குறைக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் தீர்வை 20 காசானது, சிறப்பு வரியில் மேலும் 850 வெள்ளி குறைந்தது.

இந்த 850 வெள்ளியை 10 காசால் வகுத்துப் பாருங்கள். 8,500 லிட்டர். நாளுக்கு 23 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்குச் சுமார் 280 கிலோமீட்டர். அதற்குள் ஓடும் டாக்சிக்கு நட்டமில்லை, அதற்கு மேல் ஓடினால் கைப்பணம் போகும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிறப்பு வரியைச் செலுத்துவது டாக்சி நிறுவனம், டீசலுக்குக் காசு கொடுப்பது ஓட்டுநர். நிறுவனத்துக்குக் குறைந்த வரி, நாள் வாடகையில் குறைந்தால்தான் ஓட்டுநருக்கு வந்து சேரும்.

வேன், லாரி, பேருந்து வைத்திருப்போருக்கு 2017 மாற்றத்தின்போது மூன்று ஆண்டுகளுக்குச் சாலை வரியில் கழிவு கிடைத்தது. கார்களுக்கு ஹைபிரிட், மின்சாரம் என்று மாற்றுவழி இருந்தது. பளுவான லாரிக்கு அன்று அப்படி ஒன்றும் இல்லை. 2025இன் தடை காருக்கும் டாக்சிக்கும் மட்டும் என்பதற்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாம். பொதுப் பேருந்துகளில் பாதியை 2030க்குள் மின்சாரத்துக்கு மாற்றுவது இலக்கு. ஆனால் காய்கறி லாரியும், கட்டுமானத் தள ஜெனரேட்டரும், கப்பலும் இன்னும் பல ஆண்டுகள் டீசலை விட்டுவிடப்போவதில்லை.

மாற்றி ஊற்றிவிட்டால்

வாரநாளில் நிறுவனத்தின் டீசல் வேனையும் வார இறுதியில் சொந்த பெட்ரோல் காரையும் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. டீசல் பம்பின் மூக்கு தடிமனானது. பெட்ரோல் காரின் சிறிய வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோலின் மெல்லிய மூக்கோ டீசல் வண்டியில் தாராளமாக நுழையும். கெடுதல் அதிகமும் இந்தத் தவற்றில்தான். டீசல் வண்டியின் எரிபொருள் பம்புக்கு மசகு எண்ணெயே டீசல்தான். பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். மிகுந்த அழுத்தத்தில் ஓடும் பம்பு உராய்ந்து, உலோகத் தூள் குழாய் முழுதும் பரவும்.

அப்படி நேர்ந்தால் இன்ஜினை முடுக்காதீர்கள். சாவியைத் திருப்பவே வேண்டாம், புதிய வண்டிகளில் திருப்பியதுமே பம்பு ஓடத் தொடங்கிவிடும். நிலைய ஊழியரிடம் சொல்லி வண்டியைத் தள்ளி ஓரம் கட்டுங்கள். தொட்டியைக் காலிசெய்ய ஆள் அழையுங்கள். கொஞ்சம்தான் ஊற்றினோம், மேலே டீசல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். தொட்டியைக் காலிசெய்யும் செலவைவிட பம்பும் குழாய்களும் மாற்றும் செலவு பல மடங்கு.

ஜோகூருக்குப் போகிறவர்கள் அங்கே பெரும்பாலும் தாமே ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். குழாயின் நிறத்தை நம்பாமல் அதிலுள்ள எழுத்தைப் படியுங்கள், நிறம் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மலேசியாவில் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்கக்கூடாது என்பதும், சிங்கப்பூரில் பதிவான பெட்ரோல் கார் முக்கால் தொட்டி நிரம்பிய நிலையில்தான் சோதனைச்சாவடியைக் கடக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

புகையைப் படிக்கலாம்

லாரி, வேன் ஓட்டுபவர்கள் பின்கண்ணாடியில் புகையின் நிறத்தைப் பார்க்கப் பழகினால் நல்லது. கரும்புகை என்றால் எண்ணெய் முழுதாக எரியவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், எண்ணெய் பீய்ச்சும் முனை தேய்ந்திருக்கலாம், சுமை மிகுந்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய டீசல் அப்படியே வெளியே போகிறது. நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். ஆய்வு நிலையத்தில் தவறியபின் பட்டறைக்கு ஓடுவதைவிட, முதலில் தெரியும் அன்றே போவது மலிவு.

டீசல் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் மிச்சம் அவருடைய பையில் தங்கிவிடுகிறது. புகை அப்படி ஓரிடத்தில் தங்காது. லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலைத்தளம் போகும் ஊழியர்கள், ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டுபவர், பள்ளிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் பிள்ளைகள் ஆகியோர் சுவாசத்தில் அது சேர்கிறது. லிட்டருக்கு 10 காசு, 20 காசு என்ற தீர்வை, அந்தக் கணக்கில் ஒரு பகுதியையாவது மிச்சம் பிடிப்பவரிடமே எழுதும் முயற்சி.

எஞ்சிய பகுதி ஓட்டுபவர் கையில் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். தேக்கா பக்கம் சரக்கு இறக்கும் அரை மணி நேரம் இன்ஜினை அணைத்தால் டீசலும் மிச்சம், எதிர்க் கடையில் இட்லி சாப்பிடுபவருக்கும் நிம்மதி.